என் உடம்பில் ஆடியது யார்?

மே 6, செவ்வாய்

விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன், பின்கட்டைக் கழுவினேன், ஈரம் காய்வதற்குள் மறுபடியும் கழுவினேன். மருமகள் ஆர்த்தி எழுந்து வந்து, "ஏன் அத்த, இப்பத்தானே கழுவுனீங்க?" என்கிறாள். கழுவினால் என்ன, தரை தேய்ந்தா போகும்?

உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. அதுவே ஆடுகிறது. இந்தக் கத்திரி வெயிலில் எல்லோரும் துவண்டு கிடக்க, எனக்கு மட்டும் எங்கிருந்தோ வேகம் வருகிறது. அறுபத்து மூன்று வயதில் யாருக்கு வரும்? புருஷன் போன பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்று, மகன் சகாதேவனை ஆளாக்கியவள் நான். எல்லம்மாள் சும்மா உட்கார்ந்து பார்த்ததாக இந்தத் தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் எழுத்து மறக்கக்கூடாது என்று நாலு வரியாவது எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குகிறது. சாப்பாடு மட்டும் இரண்டு ஆள் சாப்பாடு. பேத்தி ஓவியா பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறாள், வாய் ஜாஸ்தி. "ஆயா, நீ துன்றதெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

எங்கே போகிறது? எனக்கும் தெரியவில்லை.

மே 9, வெள்ளி

காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. புடவையில் கொட்டிக்கொண்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மே 14, புதன்

நேற்று நடந்ததை எப்படி எழுதுவது? எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

தெரு மாரியம்மன் கோயிலில் யாரோ வேண்டுதலுக்காகப் பம்பை வைத்திருந்தார்கள். பம்பைக்காரர் தருமன் அடிக்க ஆரம்பித்ததும் என் நெஞ்சும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டது. கற்பூரப் புகை, வெக்கை, வேர்வை. கை நடுங்கியது. அதுதான் தினமும் நடுங்குகிறதே என்று இடுப்பில் அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை. தோள் ஆடியது, தலை ஆடியது. "ஆத்தா வந்துட்டா! எல்லம்மா மேல ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு குரல். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் திறந்தபோது கையில் வேப்பிலை, முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர், எதிரே தெருவே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

"என் புள்ளைங்க தாகத்தைத் தீர்க்கிறேன்" என்று நான் சொன்னேனாம். எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை.

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாக வராத தண்ணீர்! சகாதேவன், "மெயின் பைப்பு ஒடஞ்சிருந்துச்சும்மா, நேத்து சரி பண்ணாங்க" என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீர் வந்ததா இல்லையா?

எதிர்வீட்டு அருணாதேவி, குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் காலில் விழுந்தாள். போன மாதம் சாக்கடைத் தண்ணீர்ச் சண்டையில் என்னைக் கிழவி என்று ஏசியவள்! மற்ற நாளில் பெரிம்மா என்பவள், இன்று "தாயே" என்கிறாள். எழுந்திரு என்று சொல்ல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

மே 27, செவ்வாய்

ஒவ்வொரு செவ்வாயும் வருகிறாள். பம்பை அடிக்க வேண்டும், அவ்வளவுதான், என் உடம்பு தயாராக நிற்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, போர் எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று கேட்டாராம். நான் ஏதோ திசை காட்டினேனாம். பூ விற்கிறவள் முழம் போட்டுவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்கிறாள். கோயிலுக்குப் போனால் வழி விடுகிறார்கள். எனக்கு! ஐந்தாவது படித்த எல்லம்மாளுக்கு!

வீட்டில்தான் மதிப்பில்லை. ஆர்த்தி செங்கம் ரோட்டு லாட்ஜில் ரிசப்ஷனில் நிற்கிறவள், நாலு தேசத்து ஆளைப் பார்க்கிறவள். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த, இங்க வீங்கின மாதிரி இருக்கே. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஊரே கும்பிடுது, ஒனக்கு மட்டும் கழுத்துதான் தெரியுதா?" என்று கத்தினேன். தோசைக் கரண்டியை வீசிவிட்டேன். கரண்டி அவள் மேல் படவில்லை. ஆனாலும் — நான் இப்படி வீசுகிறவள் இல்லையே. முன்பெல்லாம் திட்டுவேன், வீச மாட்டேன். பிறகு நானே அழுதேன். எதற்கு அழுதேன் என்றும் தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஓவியாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கிளம்பும்போது, "ஆயா, ஏன் மொறைக்கிற?" என்றாள்.

"மொறைக்கலடி, பாக்கறேன்."

"அப்ப கண்ண கொஞ்சம் உள்ள இழுத்துக்க."

கண்ணாடியில் பார்த்தேன். கண் பிதுங்கித்தான் இருக்கிறது. கோயிலில் சொல்கிறார்கள், ஆத்தாவே என் கண் வழியாகப் பார்க்கிறாளாம்.

இருக்கட்டும். ஆனால் படுத்தாலும் மூட முடியவில்லையே, தாயே. கொஞ்ச நேரம் நீயும் தூங்கக் கூடாதா?

ஜூன் 4, புதன்

மாடிப்படி ஏறும்போது நெஞ்சு பறந்தது. பம்பை இல்லை, உடுக்கை இல்லை, கற்பூரம் இல்லை. துணி காயப்போடத்தான் போனேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்ததும் சகாதேவன் பயந்துபோய்விட்டான். கேள்வி இல்லை, பதில் இல்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூன் 6, வெள்ளி

டாக்டரம்மா சின்னப் பெண். என் கழுத்தை மெல்லப் பிடித்து, "எச்சி முழுங்குங்கம்மா" என்றது. கையை நீட்டச் சொல்லி, புறங்கை மேல் ஒரு தாளை வைத்தது. தாள் படபடவென்று ஆடியது. காற்றே இல்லை.

அது சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, பட்டாம்பூச்சி மாதிரி. தைராய்டு. அது சுரக்கிற சரக்குக்கு ஹார்மோன் என்று பெயர். அது நேராக ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், சோறு எவ்வளவு வேகமாகச் செரிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சுட வேண்டும், எல்லாம் அது வைக்கிற அளவுதான். அதற்கு மேலே ஒரு அதிகாரி, தலைக்குள், மூளைக்கு அடியில், பட்டாணி அளவில். "இன்னும் சுர" என்று சொல்வது அது. ரத்தத்தில் போதுமான அளவு இருந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். மேலே வாய் மூடினால் கீழே அடங்கிவிட வேண்டும். அதுதான் ஒழுங்கு.

"அப்ப தலைக்குள்ள இருக்கறது மாமியார், கழுத்துல இருக்கறது மருமகளா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டது. "கரெக்ட்டும்மா. ஒங்க ஒடம்புல மாமியார் எப்பவோ வாய மூடிட்டாங்க. மருமகதான் அடுப்ப அணைக்காம பொங்கிக்கினே இருக்கா."

"நம்ம வீட்ல தலகீழ் டாக்டர்" என்றாள் ஆர்த்தி. வீட்டுக்கு வந்து சொல்ல, சகாதேவனும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பைக் காக்க வேண்டிய காவலே தப்பாகப் போய் அந்தச் சுரப்பியைக் குத்திக் கிளப்பிவிடுகிறதாம். அதனால்தான் தூக்கமில்லை, எடை கம்மி, வேர்வை, கோபம், நடுக்கம், கண். ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, யாரோ என் வீட்டுக்குள் புகுந்து பார்த்தது போல இருந்தது.

இரண்டு மாத்திரை. ஒன்று சுரப்பியை அடக்க, மற்றது நெஞ்சின் ஓட்டத்தைக் குறைக்க. போடாமல் விட்டால் நெஞ்சு தாறுமாறாக அடித்துப் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடுமாம்.

"இத போட்டா நடுக்கம் நின்னுடுமா?" என்று கேட்டேன்.

"நின்னுடும்மா. சந்தோசம்தானே?"

மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாத்திரை போடவில்லை. ஆர்த்தி கேட்டால் போட்டேன் என்கிறேன்.

நடுங்கியது சுரப்பி என்றால், ஆடியது யார்? தண்ணீர் வரும் என்று சொன்னது யார்? சுரப்பி பேசுமா?

இல்லை, ஆத்தாதான் அந்தக் கழுத்துக்குள் வந்து உட்கார்ந்தாளா? அவளுக்கு இடமா இல்லை? மாத்திரை போட்டு அவளையா துரத்துவேன்? துரத்திவிட்டால் அப்புறம் நான் யார் — எதிர்வீட்டோடு சாக்கடைக்குச் சண்டை போடுகிற கிழவிதானே.

எழுதவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. எழுந்து போய் எதையாவது கழுவுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கோயிலில் ஆடித் திருவிழாப் பேச்சு. ஆடி முதல் வெள்ளி கூழ் வார்த்து, பம்பை வைத்து, குறி கேட்பது என்று முடிவாகிவிட்டது. "குறி நம்ம எல்லம்மா பெரிம்மாதான்" என்றார் தருமன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, பொய் சொல்ல மாட்டேன்.

கலையும்போது அருணாதேவி ஓரமாக இழுத்துப் போனாள். அவள் மகள் தென்றல், ஆறாம் வகுப்பு, ஒட்டிப்போன குழந்தை. அதற்குப் போன வருஷம் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைக்குச் சர்க்கரையா என்று தெருவே வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து தினமும் இன்சுலின் ஊசி.

"தாயே, தெனம் குத்திக் குத்தி வயிறெல்லாம் புண்ணாயிடுச்சு. நாளைக்கு யாரு கட்டிக்குவான்? ஆடி வெள்ளியில ஆத்தாகிட்ட கேக்கப்போறேன். ஊசி வாணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னா அன்னிக்கே கோயில் கெணத்துல போட்டுடுவேன் அத்தனையும்."

"ஆத்தா வேற மாதிரி சொன்னா?"

"அவ எது சொன்னாலும் செய்வேன். ஆனா ஒரு தாய் வயிறு அவளுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். என் வாய் என்ன சொல்லப் போகிறதோ எனக்கே தெரியாது. தண்ணீர் என்று சொன்ன வாய். திசை காட்டிய கை. அது பாட்டுக்கு "வாணாம்" என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 12, வியாழன்

ஓவியாவின் அறிவியல் புத்தகத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. குழாய் இல்லாமல் நேராக ரத்தத்தில் கலக்கிற சுரப்பிகளாம். படத்தில் தலையிலிருந்து அடிவயிறு வரை வண்ணப் பொட்டாக வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் உள்ளே உட்கார்ந்து நம்மை நடத்துகிறார்கள், நாம் என்னமோ நாம்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"இன்சுலின் எங்கடி இருக்குது?" என்றேன். வயிற்றுக்குப் பின்னால் விரலை வைத்தாள். கணையம்.

ஆர்த்தியிடம் கேட்டேன். அவள் பௌர்ணமிக் கூட்டம் முடிந்து களைத்து வந்திருந்தாள், அதையே வைத்துச் சொன்னாள். "நேத்து ராத்திரி கிரிவலத்துக்கு எவ்ளோ கூட்டம், பாத்தீங்க இல்ல. அவ்ளோ பேரும் ஊருக்குள்ள வந்துட்டாங்க, ஆனா எல்லா லாட்ஜும் பூட்டியிருக்குன்னு வைங்க. ரோடு நெரியும், ரூமெல்லாம் காலியா கெடக்கும். சர்க்கரதான் அந்தக் கூட்டம். ரூம் சாவி இன்சுலின். தென்றல் ஒடம்புல சாவி செய்யற ஆளே இல்ல, அத்த. ஊசிலதான் சாவி போவுது. நிறுத்தினா ரெண்டு மூணு நாள் தாங்காது."

"பெரியவங்க சர்க்கரைக்கு மாத்திரதானே போடறாங்க?"

"அது வேற, இது வேற."

கேட்ட கையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். ஆத்தாவாக இல்லை, எல்லம்மாளாகப் போனேன். "ஊசிய நிறுத்தாதடி. கொழந்த உசிருடி அது" என்றேன்.

அருணாதேவி முறத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அது நீங்க சொல்றீங்க பெரிம்மா. ஆத்தா இன்னா சொல்றாளோ, பாக்கலாம்."

என் பேச்சுக்கு அவ்வளவுதான் விலை. அறுபத்து மூணு வருஷம் வாழ்ந்தவ சொன்னா காதுல ஏறாது. கை நடுங்கிக்கினு, கண்ணு பிதுங்கிக்கினு, என்ன பேசறோம்னே தெரியாத ஒருத்தி சொன்னா கெணத்துல போடுவாளாம்!

ஜூன் 13, வெள்ளி

மாத்திரை போட்டுவிட்டேன். விழுங்கும்போது கை ஆடியது. ஆடு, கடைசியாக ஆடிக்கொள் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சொன்னபடியே நடக்கிறது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்பதில்லை. விடிந்த பிறகு எழுந்தேன், ஆர்த்தி பயந்துபோய் வந்து தொட்டுப் பார்த்தாள்.

மாலை கோயிலில் பம்பை. தருமன் அடித்தார், அடித்தார், வேர்த்து ஊற்றும்வரை அடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை ஆடவில்லை. பிரசாதம் வாங்கும்போது ஒருத்தி, எனக்குக் கேட்க வேண்டும் என்றே, "இங்கிலீஷ் மாத்திர போட்டா சாமி மலயேறிடாதா?" என்றாள்.

பாவி. யார் சொன்னது இவளுக்கு? ஓவியாவாகத்தான் இருக்கும், அந்த வாய் பூட்டில்லாத வாய்.

அருணாதேவி மட்டும் மாறவில்லை. "ஆடிக்குத் தயாராவறா ஆத்தா. இப்ப மௌனம்" என்று எல்லோரிடமும் சொல்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இறங்கியிருக்கிறதாம், ஆனால் நிறுத்தக்கூடாதாம். தொண்டை வலி, காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்று இரண்டு முறை சொன்னது டாக்டரம்மா.

உடம்பு அமைதியாகிவிட்டது. மனசு ஆகவில்லை. இப்போது இதற்கு எந்தச் சுரப்பியைச் சொல்வது?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அருணாதேவி மூன்று நாளைக்கு முன்பே தனக்கும் குழந்தைக்கும் காப்புக் கட்டிவிட்டாளாம். காப்புக் கட்டினால் உடம்பில் ரத்தம் வரக்கூடாதாம், அதனால் சாயங்கால ஊசியை நிறுத்திவிட்டாளாம்! காலை ஊசியை மட்டும் விடப் பயந்து போடுகிறாளாம், அதையும் நாளை ஆத்தா சொன்னதும் விட்டுவிடுவாளாம்.

ஆர்த்தி போய்ப் பேசினாள். "லாட்ஜ்ல வெள்ளக்காரன்கிட்ட வச்சிக்க ஒன் இங்கிலீஷ" என்று அனுப்பிவிட்டாள். சகாதேவன் தென்றலின் அப்பாவுக்கு போன் போட்டான். அவர் கேரளாவில் லாரியில் இருக்கிறார். "அவ கேக்க மாட்டாண்ணா" என்று அழுகிறார். வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

மதியம் தென்றல் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியிலேயே வந்துவிட்டது. தெருக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தது. "தாகமா இருக்குது ஆயா" என்றது. வாயில் ஒரு பழ வாடை. அதை ஆர்த்தியிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. இன்சுலின் இல்லாமல் ரத்தம் கெடுகிறபோது வருகிற வாடையாம் அது. "நாளைக்குள்ள ஊசி போடலைன்னா நானே தூக்கிக்கினு ஆஸ்பத்திரி போயிடுவேன், போலீஸ் வந்தாலும் சரி" என்றாள்.

நாளை. நாளைக்கு என் வாயைத்தான் பார்க்கப் போகிறாள் அருணாதேவி. என் வாயில் யாரும் இல்லை.

ஜூலை 19, சனி

ஒன்று விடாமல் எழுதவேண்டும்.

நேற்று அந்தி. கூழ் ஊற்றியாயிற்று. கோயில் வாசல் நிறைய ஜனம். தருமன் பம்பையைத் தோளில் மாட்டினார். நான் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஈரத் தலையோடு நின்றேன். அருணாதேவி முன்னால் வந்தாள். ஒரு கையில் தாம்பாளம்: வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் அந்தச் சின்ன மருந்துப் பாட்டிலும் ஊசிகளும். இன்னொரு கையில் தென்றல். குழந்தை நிற்க முடியாமல் அம்மா இடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றது.

பம்பை எழும்பியது. நான் கண்ணை மூடிக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். வா தாயே. நீயே வந்து சொல்லு. சுரப்பியோ, நீயோ, யாராவது வாங்க. என் கை கல் மாதிரி கிடந்தது. நெஞ்சு நிதானமாக, கடிகாரம் போல அடித்தது. அவ்வளவு நல்ல மாத்திரை.

யாரும் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். குழந்தையின் உதடு வெடித்திருந்தது.

நானே ஆடினேன்.

முதலில் கையை ஆட்டினேன், பிறகு தோளை. முடியை அவிழ்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, தெருக்கூத்தில் வேஷம் கட்டியது போல. பம்பை சட்டென்று வேகம் பிடித்தது, அந்த வேகத்தில் பிடித்துக்கொண்டு ஏறினேன். "ஆத்தா!" என்றார்கள்.

"ஏண்டி அருணா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என் கையில இன்னா இருக்குது?"

"சூலம் தாயே!"

"இந்தக் கொழந்த கையில நான் குடுத்த சூலம்டி அது. அத புடுங்கிக் கெணத்துல போடவா எனக்குக் கூழ் ஊத்தற? ஊசிய எடுடி. இப்பவே எடு. என் வாசல்லியே போடு."

"தாயே, காப்பு —"

"காப்பு கட்டினவளே நான்தான்! வேளைக்கு வேள போடணும். டாக்டர் சொன்ன அளவு, ஒரு சொட்டு கம்மி கூடாது. ஒரு வேள விட்டாலும் ஒன் கூழு எனக்கு வாணாம்."

அவள் அழுதாள். அங்கேயே, எல்லோர் முன்னாலும் ஊசியை எடுத்தாள். கூட்டத்திலிருந்து ஆர்த்தி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து அளவு பார்த்துக் கொடுத்தாள். ஊசி இறங்கியதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அதோடு விட முடியாதே. நாளைக்கு இன்னொருத்தி வருவாள், நாளை மறுநாள் இன்னொருத்தர். அவர்களுக்கெல்லாம் எதை வைத்துச் சொல்வேன்? அதனால் கடைசியாக ஒன்று சொன்னேன்.

"இந்தக் கிழவி ஒடம்பு எனக்கு இனி ஆவாது. இதான் கடைசி. இவகிட்ட வந்து யாரும் என்னைக் கேக்காதீங்க."

விழுந்தேன். விழுந்ததும் நானேதான்.

ஆர்த்தி அங்கிருந்தே குழந்தையை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றினாள். அருணாதேவி மறுபேச்சுப் பேசவில்லை. ஆத்தா உத்தரவு. சேர்த்துக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்று காலை கண் திறந்து இட்லி கேட்டதாம்.

இந்த முறை நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. அதுதான் தூங்க விடவில்லை.

ஜூலை 21, திங்கள்

பம்பையைத் துணியில் சுற்றிக்கொண்டு தருமன் வாசலில் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பெரிம்மா, ஒங்க காலு தாளத்துல ஆடுச்சு" என்றார்.

"ஆடினா?"

"சாமி வந்தவங்க காலு தாளத்துக்கு ஆடாது. தாளம்தான் அவங்க பின்னாடி ஓடணும்."

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதனாலதான் வேகமா அடிச்சேன். மெதுவா அடிச்சிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோயிலுக்குப் போனேன். ஆத்தா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பாதத்தைப் பார்த்தேன். உன் பேரைச் சொல்லிப் பேசிவிட்டேன், கோபமா? இல்லை, அன்றைக்கு என்னை ஆட வைத்ததும் நீதானா? சும்மா இருந்த கையை ஆட்ட ஒருத்திக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்? அதற்கும் ஒரு சுரப்பி உண்டு என்கிறாள் ஓவியா. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறதாம். பயம் வந்தால் சுரக்குமாம்.

இருக்கட்டும். அதையும் யாரோ வைத்ததுதானே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பம்பை. பின் தெரு ராஜம்மாளுக்குச் சாமி வந்தது. அவளைச் சுற்றிக் கூட்டம். நான் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பூக்காரி முழத்துக்குக் காசு கேட்டாள். கொடுத்தேன். மனசு கொஞ்சம் கசந்தது. கொஞ்சம் இல்லை, நிறைய.

வீட்டுக்கு வந்து ஆர்த்தியிடம் சொன்னேன்: "அந்த ராஜம்மா கழுத்த ஒரு தடவ பாக்கச் சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்க அத்த" என்றாள். "என்னை அடிக்க வருவாங்க."

செப்டம்பர் 3, புதன்

இட்லி ஊற்றினேன். கை நடுங்கவில்லை, குழிக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை. எடை ஏறிவிட்டது, ஜாக்கெட் பிடிக்கிறது.

அருணாதேவி வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. இத்தனை நாளாக மருந்தை ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்துக்கொண்டிருந்தாளாம். இப்போது எங்கள் ஃப்ரிட்ஜின் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. காலையும் மாலையும் தென்றல் வருகிறது. யாரையும் கேட்பதில்லை. கதவைத் திறந்து எடுத்து, சமையல்கட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று தானே அளவு பார்க்கிறது, சட்டையைத் தூக்கித் தானே போட்டுக்கொள்கிறது. பிறகு இட்லி. அருணாதேவி வாசலோடு நின்று "பெரிம்மா, சட்னி காரமா அரைக்காதீங்க, அவ துன்ன மாட்டா" என்று அதிகாரம் செய்கிறாள். காலில் விழுந்தவள் இவள்தானா என்று இருக்கிறது.

இன்று காலை நான் அடுப்புப் பக்கம் நின்று அது ஊசி ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆயா, கொஞ்சம் நவுருங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க" என்றது.

நகர்ந்துகொண்டேன்.